நண்டு கம்பெனிக்குப் பயிற்சி: ஆப் போதுமா, ஆள் வர வேண்டுமா?

மண்டபம் பக்கம் ஒரு நண்டு கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கிறேன். சதை எடுக்கும் பெண்களுக்குச் சுகாதாரப் பயிற்சி கொடுக்க ஒரு நிறுவனத்தைப் பிடித்தோம். முதலில் ஆப் மட்டும், அப்புறம் கூடுதல் பணம் கட்டி நேரடி வகுப்பும் வாங்கினோம்.

ஆப் நன்றாகவே இருக்கிறது. வெந்த நண்டுச் சதையை ஏன் 4 டிகிரிக்கு மேல் போக விடக் கூடாது, லிஸ்டீரியா என்ற கிருமி குளிரிலும் எப்படி வளருகிறது, ஹசாப் (HACCP) என்ற உணவுப் பாதுகாப்பு முறையின் 7 கொள்கைகள் என்னென்ன என்று சின்னச் சின்ன வீடியோவாகத் தெளிவான தமிழில் வைத்திருக்கிறார்கள், புரியாவிட்டால் திரும்பப் போட்டுக்கொள்ளலாம், ஆடிட்டர் கேட்டால் காட்டப் பதிவும் இருக்கும்.

ஆனால் சதை எடுக்கும் ஹாலுக்குள் போன் கொண்டுபோக முடியாது. நிறைய அக்காமாருக்குச் சொந்தப் போனே கிடையாது, ராத்திரி சமையல் முடித்து, மகன் வந்ததும் அவன் போனை வாங்கித்தான் பார்க்கிறார்கள். கம்பெனி வேலைக்கான பயிற்சியைச் சம்பளமில்லாத நேரத்தில் தள்ளுவது நியாயமில்லை.

நேரடி வகுப்பில் எல்லாரையும் கையில் ஒளிரும் க்ரீமைத் தேய்த்துச் சோப்புப் போட்டுக் கழுவ வைத்து, நீல விளக்கின் கீழ் நீட்டச் சொன்னார்கள். ஆப் தேர்வில் முழு மார்க் வாங்கியவர்கள் கையிலும் கட்டைவிரல் ஓரம், நகக்கண் எல்லாம் கழுவுப்படாத க்ரீம் மினுங்கியது! "நல்லாத்தானே தம்பி கழுவினேன்" என்று ஓர் அக்கா திரும்பவும் குழாய்க்கு ஓடினார். இது சின்ன விஷயமில்லை. கையிலிருந்து ஸ்டெஃபைலோகாக்கஸ் என்ற கிருமி சதையில் ஒட்டி, சதையும் குளிர்ச்சி விட்டுப்போனால் அது நஞ்சை உண்டாக்கும், அந்த நஞ்சு பிறகு சூடுபடுத்தினாலும் போகாது. குளிரூட்டும் இயந்திரத்திலிருந்து அம்மோனியா வாயு கசிந்தால் காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்று பார்த்துக் குறுக்காக வெளியேறும் பழக்கமும் அப்படித்தான், ஆள் நின்று ஓட வைத்தால்தான் வரும்.

குறை என்றால், எல்லாரையும் ஒரே கும்பலாக உட்கார வைத்துவிட்டார்கள், பின்வரிசைக்குப் பாதி தெரியவில்லை. சின்னக் குழுவாகப் பிரிக்கச் சொல்லி முதலிலேயே கேளுங்கள்.

ஏன் எதற்கு என்பதற்கு ஆப் எடுங்கள், அதையும் வேலை நேரத்தில் கேன்டீனில் டிவியில் போடுங்கள். கை பழக வேண்டியதற்கு ஆளைக் கூப்பிடுங்கள். பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் நேரடி வகுப்பையே எடுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுத் தடைக்காலம், வரத்து குறைவு, வகுப்புக்குத் தோதான நேரம். எல்லாக் கம்பெனியும் அப்போதுதான் கேட்கும் என்பதால் மார்ச்சிலேயே தேதி வாங்கிவிடுங்கள்.