லண்டனில் “பாதுகாப்பான ஏரியா” பார்த்துத் தருகிறேன் என்பவருக்குப் பணம் கட்டும் முன்

குடும்பத்தோடு லண்டனுக்கு வரப்போகிறவர்கள் கூடும் வாட்ஸப் குழுக்களில் ஒருவர் ஆள் பிடித்துக்கொண்டிருக்கிறார். ரிலொகேஷன் கன்சல்டன்ட் என்று சொல்லிக்கொள்வார். நன்றாகத் தமிழ் பேசுவார், எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் போனை எடுப்பார். 450 பவுண்டு வாங்கிக்கொண்டு, “உங்கள் பட்ஜெட்டுக்குள் பாதுகாப்பான ஏரியா” என்று ஓர் அறிக்கை அனுப்புவார். அவர் கையில் எந்த வீடு காலியாக இருக்கிறதோ, அந்த வீட்டைச் சுற்றி எழுதப்படும் அறிக்கை அது. விவகாரம் இன்னும் முடியாததால் அவர் பெயரையும் அந்த ஏரியாவின் பெயரையும் இங்கே போடவில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

என் கணவருக்கு மத்திய லண்டனில் ஒரு மருத்துவமனையில் வேலை கிடைத்தது. எங்களுக்கு இரண்டு பிள்ளைகள், பெரியவள் இரண்டாம் வகுப்பு வயது. விசா தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. ஈஸ்ட்ஹாம், இல்ஃபோர்டு, ஹாரோ, டூட்டிங் என்று ஆளாளுக்கு ஒரு பெயர் சொன்னார்கள். அந்த நேரத்தில்தான் இவர் வந்தார். “நீங்க எதுக்குக்கா அலையணும், நான் இருக்கேன்ல. இங்க எந்தத் தெரு நல்லது, எந்தத் தெரு ஆகாதுன்னு எனக்கு அத்துப்படி.”

வந்த அறிக்கை பார்க்கப் பிரமாதமாக இருந்தது. வண்ண வரைபடம், பள்ளிகளின் பட்டியல், ரயில் நேரம், குற்ற விகிதம், எல்லாம் உண்டு. நாங்கள் கேட்டிருந்த நான்கு இடங்களுக்கும் ஏதோ ஒரு குறை. நாங்கள் கேட்டே இராத ஐந்தாவது இடம், லண்டனின் வெளி ஓரத்தில் ஆறாம் ரயில் கட்டண மண்டலம், எல்லாவற்றிலும் முதல் மதிப்பெண். அங்கே இரண்டு படுக்கையறை வீடு ஒன்று மாதம் 1,650 பவுண்டுக்கு “தற்செயலாக” காலியாக இருந்தது. நாங்களும் நம்பி அதையே எடுத்தோம்.

முதலில் பாதுகாப்பைச் சொல்கிறேன். அவர் காட்டிய குற்ற எண்ணிக்கை பொய் கிடையாது. ஆனால் அது அந்த பரோ (உள்ளாட்சிப் பகுதி) முழுவதற்குமான எண்ணிக்கை. லண்டனில் 32 பரோக்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் ஒரு நகரம் அளவுக்குப் பெரியது. பூங்காவும் தோட்ட வீடுகளுமாக ஒரு பாதி, ரயில் நிலையத்தை ஒட்டி நெரிசலாக இன்னொரு பாதி. இரண்டையும் கலந்து சராசரி போட்டால் நெரிசல் பாதிக்கு நல்ல பெயர் வந்துவிடும். எங்கள் வீடு அந்தப் பாதியில்தான் இருந்தது. குடிவந்த கொஞ்ச நாளிலேயே பக்கத்து வீட்டுப் பின்கதவை உடைத்துத் திருடிப் போனார்கள். மாடிப்படியடியில் இரவெல்லாம் யார் யாரோ நின்று போதைப்பொருள் கைமாற்றினார்கள். கணவர் இரவு ஷிப்டு போன நாட்களில் நானும் பிள்ளைகளும் ஹால் பக்கமே வரமாட்டோம்.

போலீஸ் டாட் யூகே என்ற அரசு இணையதளத்தில் போஸ்ட்கோடு போட்டால், அந்த வட்டாரத்தில் மாதாமாதம் பதிவான குற்றங்கள் வகைவாரியாக வரும். காசு கிடையாது, கணக்குத் தொடங்க வேண்டாம், எந்த நாட்டிலிருந்தும் பார்க்கலாம். ஆனால் பார்க்கத் தெரிந்து பார்க்க வேண்டும். வரைபடப் புள்ளிகள் சம்பவம் நடந்த அதே வாசலில் இருக்காது. அந்தரங்கம் காக்க அருகிலுள்ள ஒரு பொதுப் புள்ளிக்கு நகர்த்தித்தான் போடுகிறார்கள். கடைத்தெருவுக்குப் பக்கத்தில் கடைத் திருட்டே எண்ணிக்கையை ஏற்றிக் காட்டும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. வீடு புகுந்த திருட்டு, வன்முறை, தெருத் தொல்லை ஆகிய மூன்றையும் தனித்தனியாக எடுத்து, ஒரு மாதத்துக்குப் பதில் ஓராண்டுக்குப் பாருங்கள்.

அந்த அறிக்கையில் எனக்கு இன்றுவரை உறுத்துவது வேறொன்று. “பாதுகாப்பு” என்ற தலைப்பின் கீழ் 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்து ஒரு வட்டப்படம் போட்டிருந்தார். வெள்ளையர் எத்தனை சதவீதம், கறுப்பர் எத்தனை, ஆசியர் எத்தனை என்று. நாங்கள் கேட்டிருந்த ஓர் இடத்தைப் பற்றிப் பேசும்போது, “அங்க எல்லாம் வேற மாதிரி ஆளுங்கக்கா, பொம்பளப் பிள்ளைய வச்சுக்கிட்டு வேணாம்” என்றார். தோல் நிறத்தைக் காட்டிப் பயமுறுத்துவதைத்தான் அவர் பாதுகாப்பு ஆலோசனை என்று விற்கிறார். நம்மவர்களிடம் அது நன்றாகவே விலைபோகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். அவர் வேண்டாமென்ற அதே இடத்தில்தான் இப்போது நாங்கள் வசிக்கிறோம். எதிர்வீட்டு நைஜீரியப் பாட்டியிடம்தான் எங்கள் வீட்டு மாற்றுச் சாவி இருக்கிறது.

அடுத்து பள்ளி. “நடந்து போகும் தூரத்தில் இரண்டு சிறந்த ஆரம்பப் பள்ளிகள்” என்று அறிக்கையில் இருந்தது. பள்ளிகள் இருந்தன, இடம்தான் இல்லை. இங்கிலாந்தில் அரசுப் பள்ளி இலவசம், ஆனால் நாம் விரும்பிய பள்ளியில் போய்ச் சேர்த்துவிட முடியாது. ரிசப்ஷன் (முதல் வகுப்புக்கு முந்தைய வகுப்பு), முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு மூன்றிலும் ஓர் ஆசிரியருக்கு 30 பிள்ளைகளுக்கு மேல் கூடாது என்று சட்டமே இருக்கிறது. தலைமை ஆசிரியர் இரக்கப்பட்டாலும் 31-வது பிள்ளையைச் சேர்ப்பது அவருக்குக் கஷ்டம். செப்டம்பரில் சேர வேண்டிய ரிசப்ஷன் பிள்ளைகளுக்கு அந்த ஆண்டு ஜனவரி 15-ஆம் தேதியோடு விண்ணப்பம் முடிந்துவிடும். எங்களைப்போல ஆண்டின் நடுவில் வருகிறவர்கள் காலியிடம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் போக வேண்டும். மகளுக்குக் கிடைத்த பள்ளி இரண்டு பஸ் மாறிப் போகும் தூரம். சின்னவனைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு மழையில் இரண்டு பஸ். காத்திருப்புப் பட்டியலிலும் யார் முதலில் பெயர் கொடுத்தார் என்று பார்ப்பதில்லை. உடன்பிறப்பு அங்கே படிக்கிறதா, வீடு எவ்வளவு பக்கம் என்றுதான் பார்க்கிறார்கள். நேற்று பக்கத்துத் தெருவுக்குக் குடிவந்தவர் பட்டியலில் நமக்கு மேலே போய்விடலாம்.

காலியிடம் எங்கே என்பது பரோ கவுன்சிலின் அட்மிஷன்ஸ் பிரிவுக்குத் தெரியும். மின்னஞ்சல் போட்டால் பதில் வருகிறது. ஒவ்வொரு பள்ளியிலும் போன ஆண்டு எத்தனை மீட்டர் தூரம் வரை இடம் கிடைத்தது என்பதையும் பெரும்பாலான கவுன்சில்கள் வெளியிடுகின்றன. பள்ளிகளை ஆய்வு செய்யும் ஆஃப்ஸ்டெட் என்ற அரசு அமைப்பின் ஆய்வறிக்கையைப் படிப்பதற்கு முன்னால் இந்த எண்ணைப் பாருங்கள். இடமே கிடைக்காத பள்ளி எவ்வளவு உசத்தியாக இருந்து நமக்கு என்ன?

குறைந்த வாடகை என்பதும் கணக்குப் போட்டுப் பார்த்தால் கரைந்துவிட்டது. “லண்டன் பிரிட்ஜுக்கு அரை மணி நேரம்” என்று போட்டிருந்தார். அது நிலையத்திலிருந்து நிலையத்துக்கு, காலை வேக ரயிலில். வீட்டிலிருந்து நிலையத்துக்கு பஸ், அங்கிருந்து மருத்துவமனைக்கு நடை, எல்லாம் சேர்த்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல். வார நாட்களில் காலை ஆறரை முதல் ஒன்பதரை வரையும், மாலை நான்கு முதல் ஏழு வரையும் கட்டணம் அதிகம். ஷிப்டு வேலைக்காரர்கள் அதில் பாதி நாள் மாட்டிக்கொள்வார்கள்.

கவுன்சில் டாக்ஸைப் (உள்ளாட்சி வரி) பற்றி அறிக்கையில் ஒரு வரிகூடக் கிடையாது. வாடகைக்கு இருப்பவர்தான் அதைக் கட்ட வேண்டும். பரோவுக்குப் பரோ வித்தியாசம் பயங்கரம்: டூட்டிங் இருக்கும் வாண்ட்ஸ்வர்த்தில் கட்டுவதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் குரோய்டனில், அதே பேண்டு (வரிக்கான மதிப்பு வகை) வீட்டுக்கு. வாடகை அதிகம் என்று நாங்கள் தள்ளிய இடத்தில் இந்த ஒரு செலவிலேயே மாதம் ஒரு நல்ல தொகை மிஞ்சியிருக்கும்.

அப்புறம் குளிர். வீட்டில் கேஸ் கிடையாது, பழைய மின்சார ஹீட்டர்கள், கார்டில் பணம் ஏற்றும் பிரீபேமென்ட் மீட்டர். ஜனவரியில் பணம் ஏற்றி மாளவில்லை. படுக்கையறைச் சுவரில் கறுப்பாகப் பூஞ்சை, சின்னவனுக்கு ஓயாத இருமல். அந்த வீட்டின் ஈ.பி.சி. (ஆற்றல் திறன் சான்றிதழ்) தரம் ஈ. இங்கிலாந்தில் வாடகைக்கு விட அதுதான் சட்டப்படியான கடைசிப் படி. ஈ.பி.சி. பதிவேடு அரசு தளத்தில் எல்லாருக்கும் திறந்திருக்கிறது. முகவரியைப் போட்டால் சூடாக்க என்ன வசதி, சுவரில் காப்பு உண்டா என்பது வரை வரும். அதைப் பார்த்த பிறகு யாரும் அந்த வீட்டை மலிவு என்று சொல்லமாட்டார்கள்.

இனிப் பணம். வீட்டை நிறுத்திவைக்க என்று ஒரு மாத வாடகை, 1,650 பவுண்டு, கேட்டார். சாவி கொடுக்கும் நாளில் அதில் 600 பவுண்டை ரெஃபரன்ஸ் (வாடகைதாரரின் பின்னணிச் சரிபார்ப்பு), வீட்டுப் பொருள் பட்டியல், நிர்வாகச் செலவு என்று கழித்துக்கொண்டார். இங்கே கடன் வரலாறு இல்லை என்ற காரணம் சொல்லி ஆறு மாத வாடகையை மொத்தமாக முன்பணமாக வாங்கினார்கள். 2019 ஜூன் 1 முதல் நடைமுறையில் இருக்கும் டெனன்ட் ஃபீஸ் சட்டப்படி, ஹோல்டிங் டெபாசிட் (வீட்டை நிறுத்திவைக்கக் கட்டும் தொகை) ஒரு வார வாடகையைத் தாண்டக் கூடாது. 1,650-ஐ 12-ஆல் பெருக்கி 52-ஆல் வகுத்தால் சுமார் 380 பவுண்டு, அவ்வளவுதான் வாங்கலாம். செக்யூரிட்டி டெபாசிட், ஆண்டு வாடகை 50,000 பவுண்டுக்குக் கீழே இருந்தால், ஐந்து வார வாடகை வரைதான். அதையும் 30 நாட்களுக்குள் அரசு அங்கீகரித்த மூன்று பாதுகாப்புத் திட்டங்களில் ஒன்றில் போட வேண்டும். ரெஃபரன்ஸுக்கும் பொருள் பட்டியலுக்கும் வாடகைதாரரிடம் கட்டணம் வாங்கவே கூடாது. மொத்த முன்பணத்துக்கு அப்போது தடை இல்லை. 2026 மே 1 முதல் புதிய வாடகைச் சட்டப்படி ஒரு மாதத்துக்கு மேல் முன்கூட்டிக் கேட்க முடியாது, ஒப்பந்தத்தில் கையெழுத்தாகும் முன் வாடகையே வாங்கக் கூடாது. எனவே இனிமேல் யாராவது “ஆறு மாசம் கட்டினாத்தான் வீடு” என்று சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

இரட்டை வேடம் வெளிப்பட்டது பூஞ்சைப் புகாரின்போது. வீட்டுக்காரர் சார்பில் பேச ஒப்பந்தத்தில் ஒரு லெட்டிங் நிறுவனம் இருந்தது. போனை எடுக்கவில்லை, கடிதத்துக்குப் பதில் இல்லை. கணவர் கம்பெனிஸ் ஹவுஸ் என்ற அரசு நிறுவனப் பதிவேட்டின் தளத்தில் அந்த நிறுவனத்தைத் தேடினார் (இதுவும் இலவசம்தான்). இயக்குநர் பெயரில் நம் கன்சல்டன்ட். எங்களுக்கு ஏரியா பார்த்துத் தர 450 பவுண்டு வாங்கியவரே வீட்டுக்காரருக்கு ஆள் பிடித்துத் தருகிறவரும்கூட. வாடகைதாரருக்காக மட்டுமே வேலை செய்கிற ரிலொகேஷன் ஏஜென்ட் கட்டணம் வாங்கலாம். அதே வீட்டுக்கு வீட்டுக்காரரின் ஏஜென்டாகவும் இருப்பவர் வாங்கக் கூடாது. போன் போட்டுக் கேட்டதற்கு, “அது வேற கம்பெனிக்கா, இது வேற கம்பெனி” என்றார். குரலில் ஒரு சின்னத் தடுமாற்றம்கூட இல்லை.

கவுன்சிலில் நுகர்வோர் புகார்களைக் கவனிக்கும் டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸ் பிரிவுக்கு எல்லாப் பரிமாற்ற ரசீதுகளோடும் எழுதினோம். 600 பவுண்டு திரும்பி வந்தது, மன்னிப்பு ஒன்றும் வரவில்லை. 450 பவுண்டுக்காக ஃபர்ஸ்ட்-டியர் தீர்ப்பாயத்தில் விண்ணப்பித்திருக்கிறோம். ஒப்பந்தத்தில் ஆறு மாதத்துக்குப் பிறகு வெளியேறலாம் என்ற பிரிவு இருந்ததால் தப்பித்தோம். அது இல்லாமல் ஓராண்டுக்குக் கட்டுண்டவர்களும் அந்தக் கட்டடத்தில் இருந்தார்கள். அவர்களில் ஒரு தெலுங்குக் குடும்பத்திடமும் இதே வட்டப்படம் போட்ட அறிக்கை இருந்தது.

இரண்டாவது வீட்டைப் பார்த்த விதம் ரொம்பச் சாதாரணம். முதலில் வேலை இடத்துக்கு நேரடி பஸ்ஸோ ரயிலோ உள்ள பகுதிகளைக் குறித்தோம். பிறகு அந்தந்தக் கவுன்சிலுக்கு மகளின் வகுப்பில் எங்கே காலியிடம் என்று எழுதிக் கேட்டோம். பதில் வந்த பள்ளிகளைச் சுற்றித்தான் வீடு தேடினோம். பார்க்கப் போனதெல்லாம் இருட்டிய பிறகு, வெள்ளிக்கிழமை மாலைகளில். ஏஜென்ட்கள் பகலில் வரச்சொல்வார்கள், பிடிகொடுக்காதீர்கள். இன்னும் நாட்டுக்கே வராதவர்களுக்கு ஒன்று: முதல் மாதத்துக்குத் தற்காலிகமாக ஓர் அறையோ சர்வீஸ் அபார்ட்மென்டோ எடுத்துக்கொண்டு, வந்தபின் வீடு தேடுங்கள். செலவு கூடுதல்தான். முடிந்தால் வேலைக்கு வருகிறவர் முன்னால் வந்துவிட்டு, குடும்பம் பிறகு வருவது இன்னும் நல்லது. பார்க்காத வீட்டுக்கு வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பச் சொல்கிறவர் யாராக இருந்தாலும், எவ்வளவு இனிமையாகத் தமிழ் பேசினாலும், அனுப்பாதீர்கள்.

ஏற்கெனவே இப்படி ஒருவர் மூலம் வீடு எடுத்தவர்கள், வாடகை ஒப்பந்தத்தில் ஏஜென்ட் என்று போட்டிருக்கும் நிறுவனப் பெயரை கம்பெனிஸ் ஹவுஸில் தேடி, இயக்குநர் பெயரை நீங்கள் கட்டணம் கட்டிய கணக்கின் பெயரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்றாக இருந்தால் ரசீதுகளையும் வாட்ஸப் உரையாடலையும் சேமித்துக்கொண்டு உங்கள் கவுன்சிலின் டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸுக்கு எழுதுங்கள். புகார்க் கடிதத்தை எப்படி எழுதுவது என்று தெரியாவிட்டால் கேளுங்கள், நாங்கள் எழுதியதை அனுப்புகிறேன்.