சோறு இல்லாத பரிட்டோ: சான் பிரான்சிஸ்கோ லா டாக்கேரியாவில் எதை, எப்படிக் கேட்பது

மிஷன் தெரு, 2889. 24வது தெரு பார்ட் (நகர ரயில்) நிலையத்திலிருந்து பொடிநடைதான். வெள்ளை வளைவுகள் வைத்த முகப்பு, உள்ளே சுவர் ஓவியம், மர மேசைகள், கண்ணெதிரே திறந்த சமையல்கட்டு. மிகேல் ஹாரா 1973இல் தொடங்கிய மெக்சிகன் கடை, லா டாக்கேரியா. பரிட்டோ என்பது டார்ட்டியா என்ற மெல்லிய ரொட்டிக்குள் இறைச்சி, பீன்ஸ் வைத்துச் சுருட்டியது; டாக்கோ என்பது சிறிய டார்ட்டியாவின் மேல் இறைச்சி வைத்தது. 2014இல் ஃபைவ்தர்ட்டிஎய்ட் தளம் அமெரிக்கா முழுக்கத் தேடி நடத்திய பரிட்டோ போட்டியில் முதலிடம், 2017இல் ஜேம்ஸ் பியர்ட் அறக்கட்டளையின் 'அமெரிக்காஸ் கிளாசிக்ஸ்' விருது. இவ்வளவு பெயர் வாங்கிய கடையில் சாப்பிட்டுவிட்டு "இதற்கா இந்தக் கூட்டம்?" என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: பலகையில் எழுதியிருப்பதை அப்படியே கேட்டு வாங்கியிருப்பார்கள்.

இந்தக் கடையின் பரிட்டோவில் சோறு கிடையாது. மிஷன் வட்டாரத்தில் இது விதிவிலக்கு. 1961இல் முதல் பரிட்டோ விற்றதாகச் சொல்லும் எல் ஃபாரோ, 1969இல் தான் விற்றதே முதல் என்று சொல்லும் லா கும்ப்ரே, இந்த இரண்டு கடைகளும் வளர்த்துவிட்ட பாணியில் பெரிய மைதா டார்ட்டியாவுக்குள் சோறு, பீன்ஸ், இறைச்சி, சால்சா (தக்காளி, மிளகாய்ச் சட்னி) எல்லாவற்றையும் அடைத்து அலுமினியத் தாளில் சுற்றிக் கொடுப்பார்கள். (1993இல் டென்வரில் சிப்போட்லே உணவகத் தொடரைத் தொடங்கிய ஸ்டீவ் எல்ஸ் இங்கிருந்து எடுத்துப்போனது அந்தப் பாணியைத்தான்.) அதில் சோற்றுக்கு வயிற்றை நிரப்புவதோடு இன்னொரு வேலையும் உண்டு: இறைச்சியின் சாறு, தக்காளித் தண்ணீர் எல்லாவற்றையும் உறிஞ்சிக்கொள்ளும். சோற்றை எடுத்துவிட்டால் இறைச்சியின் ருசி நேராக நாக்குக்கு வருகிறது. ஆனால் சாறு போக இடமில்லாமல் அடியில் தேங்குகிறது. பாதி சாப்பிடுவதற்குள் அடிப்பக்கம் ஊறிப் பிய்ந்து கை முழுக்க வழிவது இதனால்தான். பார்ப்பதற்கு இந்தப் பரிட்டோ கொஞ்சம் சிறிசும் கூட. "மற்ற கடையில் இதைவிடக் குறைந்த விலைக்கு இரண்டு மடங்கு கொடுக்கிறான்" என்ற புலம்பலும் இங்கிருந்துதான் கிளம்புகிறது. நியாயமான புலம்பல்தான். அந்த இரண்டாவது மடங்கு சோறு என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஊறும் சிக்கலுக்கு மருந்து 'டொராடோ'. பலகையில் தேடாதீர்கள், வாயால் சொல்ல வேண்டும். சுற்றி முடித்த பரிட்டோவைப் பெரிய இரும்புக்கல்லில், மடிப்பு கீழே இருக்கும்படி போடுவார்கள். முதலில் மடிப்பு சூட்டில் ஒட்டி மூடிக்கொள்ளும், பிறகு புரட்டிப் புரட்டி எல்லாப் பக்கமும் பொன்னிறமாக வாட்டுவார்கள். வெளித்தோல் தோசையின் ஓரம் போல மொறுமொறுப்பாகிவிடுவதால் சாறு உடனே கசியாது, உள்ளே சீஸும் நன்றாக உருகிவிடும். கூடுதலாகச் சில நிமிடம் ஆகும். இதைக் காசு கொடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும். தாளில் சுற்றித் தட்டில் வைத்த பிறகு கேட்டால் நடக்காது.

இனி எதைக் கேட்பது. 'சூப்பர்' என்றால் சீஸ், புளித்த கிரீம், அவகாடோ மூன்றும் சேரும். மூன்றும் வேண்டியதில்லை. குளிர்ந்த கிரீம் சூடான இறைச்சியோடு சேர்ந்தால் நடுவில் வெதுவெதுப்பான ஒரு குழம்பு உருவாகும். டொராடோவின் மொறுமொறுப்பை உள்ளிருந்தே கெடுப்பது அதுதான். கிரீமை விட்டுவிட்டு சீஸும் அவகாடோவும் மட்டும் சொல்லுங்கள்.

இறைச்சியில் முதல் மரியாதை கார்னிடாஸுக்கு. பன்றி இறைச்சியை அதன் கொழுப்பிலேயே மெல்லிய தீயில் மணிக்கணக்கில் வேகவைத்து உதிர்ப்பது. மெக்சிகோவின் மிச்சோவாகான் மாநிலத்துப் பக்குவம். நல்ல கார்னிடாஸில் ஒரு வாய்க்குள்ளேயே பஞ்சு போன்ற துண்டும் முறுகின ஓரமும் சேர்ந்து வர வேண்டும். இங்கே வரும். அடுத்தது கார்னே அசாடா, சுட்டு நறுக்கிய மாட்டிறைச்சி. கல்லிலிருந்து எடுத்து நறுக்கிய கையோடு கிடைத்தால் அருமை. நறுக்கிக் குவித்து வைத்த குவியலிலிருந்து வந்தால் வறண்டு போயிருக்கும். சமையல்கட்டு திறந்தே இருப்பதால் வரிசையில் நிற்கும்போதே எது சூடாக இறங்குகிறது என்று பார்த்து முடிவு செய்யலாம். லெங்குவா என்பது மாட்டு நாக்கு. பல மணி நேரம் வேகவைத்துத் தோலுரித்தது, வெண்ணெய் போல மிருதுவாக இருக்கும். நாக்கு என்று தயங்காமல் ஒரு டாக்கோவில் முயன்று பார்க்கலாம். கோழிதான் இந்தப் பட்டியலில் சுமார்.

மாடு, பன்றி இரண்டும் வேண்டாம் என்பவர்கள் கவனிக்க: அசாடா, லெங்குவா, கபேசா (தலைக்கறி) மூன்றும் மாடு; கார்னிடாஸ், சொரீசோ (மசாலா சாசேஜ்) இரண்டும் பன்றி. மிச்சம் கோழியும் பீன்ஸும்தான். வெட்டும் பலகை, கல், கரண்டி எல்லாம் பொது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த வகைக் கடை எதிலுமே ஹலால் என்று நீங்களாக அனுமானித்துக்கொள்ளக் கூடாது.

சுத்த சைவர்களுக்கு இன்னும் இரண்டு கேள்விகள். மெக்சிகோ சமையலில் பீன்ஸில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது வழக்கம், அதன் பெயர் மந்தேகா. சோறு போடும் கடைகளில் சோற்றைக் கோழிச்சாற்றில் வேகவைப்பதும் உண்டு. ஸ்பானிஷில் "சின் கார்னே" (இறைச்சி இல்லாமல்) என்று மட்டும் சொன்னால் போதாது. பலருக்குக் கோழி 'கார்னே' கணக்கில் வராது. "லோஸ் ஃப்ரிஹோலேஸ், தியெனென் மந்தேகா?" (பீன்ஸில் பன்றிக் கொழுப்பு இருக்கிறதா?) என்று நேராகக் கேளுங்கள். ஆங்கிலத்தில் கேட்டாலும் பதில் வரும். ஆனால் "இது வெஜிடேரியனா?" என்று பொதுவாகக் கேட்பதைவிட "லார்டு (பன்றிக் கொழுப்பு) இருக்கிறதா?" என்று பெயர் சொல்லிக் கேட்டால்தான் சரியான பதில் கிடைக்கும். இந்தக் கேள்வி எல்லா மெக்சிகன் கடைக்கும் பொருந்தும்.

முதல்முறை போகிறவருக்கு எங்கள் சிபாரிசு பரிட்டோ கூட அல்ல, டாக்கோ. அதையும் டொராடோவாகக் கேளுங்கள். ஒரு சோள டார்ட்டியாவை மொறுமொறுப்பாக வாட்டி, உருகின சீஸைப் பசையாக்கி அதோடு இன்னொரு மென்மையான டார்ட்டியாவை ஒட்டி, அதன் மேல் இறைச்சி வைப்பார்கள். கடித்தால் மொறுமொறுப்பு இருக்கும், ஓடு உடைந்து மடியில் கொட்டாது. கார்னிடாஸ் ஒன்று, லெங்குவா ஒன்று என்று இரண்டு சொன்னால் ஒருவருக்குத் தாராளம். மேசைக்கு வந்தவுடன் சாப்பிட வேண்டும். படம் எடுத்துக்கொண்டிருந்தால் சோளத்தின் மொறுமொறுப்பு போய்விடும்.

காரம் நம் நாக்குக்குப் போதாது. உள்ளே வைக்கும் தக்காளி வெங்காயக் கலவை புளிப்புக்கும் ஈரத்துக்கும் தானே தவிர உறைப்புக்கு அல்ல. உறைப்பான சால்சாவைத் தனியாகக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு கடிக்கும் கொஞ்சமாக ஊற்றிக்கொள்ளுங்கள். மொத்தமாக உள்ளே ஊற்றினால் மறுபடியும் அதே ஊறல். எலுமிச்சை கேட்டு வாங்கி கார்னிடாஸ் மேல் பிழியத் தவறாதீர்கள், கொழுப்பின் திகட்டல் போய்விடும்.

பரிட்டோவின் தாளை முழுசாகப் பிரிப்பது இன்னொரு தவறு. நட்டுக்குத்தலாகப் பிடித்து மேலிருந்து இரண்டு விரற்கடை அளவு மட்டும் உரித்து, சாப்பிடச் சாப்பிடக் கிழித்துக்கொண்டே இறங்க வேண்டும். அடித்தாள் கடைசிவரை இருக்கட்டும். சாறு அங்கேதான் நிற்கிறது.

மலிவு என்று நினைத்துப் போகாதீர்கள். மிஷனில் பத்து டாலருக்குள் சூப்பர் பரிட்டோ கிடைத்த காலம் மலையேறிவிட்டது, இந்தக் கடை வட்டாரத்திலேயே விலை கூடிய பக்கம். பலகை விலைக்கு மேல் நகர விற்பனை வரி 8.625 சதவீதம் வேறு. காசுக்கு வயிறு நிறைய வேண்டும், அல்லது இரவு வெகுநேரம் கழித்துப் பசிக்கிறது என்றால் 24வது தெரு முனையிலுள்ள எல் ஃபாரோலிட்டோவுக்குப் போவதே புத்திசாலித்தனம். அங்கே சோறு உண்டு, ஒன்றை இருவர் பங்கிடலாம். ருசியில் கார்னிடாஸுக்கு மட்டும் லா டாக்கேரியாவுக்குத்தான் வர வேண்டும்.

ஃப்ரீமான்ட் பக்கத்திலிருந்து வருபவர்களுக்கு பார்ட்டின் பச்சைத் தடம் மாறாமல் நேராக வந்து சேர்க்கும், இரவில் அந்தத் தடம் ஓடாது. காரில் வந்தால் நிறுத்த இடம் தேடியே பசி போய்விடும். பணம் கட்டியதும் எண் தருவார்கள், கூப்பிடும்போது காது கொடுத்துக் கேட்க வேண்டும். பல வருடமாகத் திங்கள், செவ்வாய் விடுமுறை. கிளம்புமுன் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். சனி ஞாயிறு மதியம் வரிசை வாசலைத் தாண்டும், மூன்று மணிவாக்கில் போனால் குறையும்.

பார்சல் வாங்குவதாக இருந்தால் டாக்கோ வேண்டாம், பரிட்டோ மட்டும், சால்சா தனியாக. வீட்டில் மைக்ரோவேவில் வைக்காதீர்கள். தாளை எடுத்துவிட்டு, எண்ணெய் விடாத தோசைக்கல்லில் சிறுதீயில், மடிப்பு கீழே இருக்கும்படி வைத்து மூடி, ஐந்து நிமிடத்துக்குப் பிறகு புரட்டுங்கள்.