வாய்தா அலைச்சலுக்கு எந்தக் கவசம்?

மதுரையில் மூன்று பேர் நடத்தும் ஒரு வாரப் பத்திரிகை, கண்மாய் ஆக்கிரமிப்பைப் பற்றி எழுதுகிறது என்று வைத்துக்கொள்வோம். மறுவாரமே அவதூறு என்று சொல்லி, பதவியில் இருக்கும் ஒரு புள்ளியின் வக்கீல் நோட்டீஸ் வருகிறது. அவருக்கு ஜெயிக்க வேண்டும் என்றுகூட இல்லை. இவர்கள் இரண்டு வருடம் வாய்தாவுக்கு அலைந்தால் போதும்.

இவர்களுக்கு எது கவசம் என்று கேட்டால், முதலில் எல்லோரும் சொல்வது 1994 ராஜகோபால் தீர்ப்பு. தூக்குத் தண்டனைக் கைதி ஆட்டோ சங்கரின் சுயசரிதைத் தொடரை நக்கீரன் வார இதழ் வெளியிடுவது தொடர்பாக எழுந்த வழக்கு. அரசுப் பணி சார்ந்த நடத்தையைப் பற்றி எழுதியதில் தவறு இருந்தாலும், நியாயமாக விசாரித்துத்தான் எழுதினோம் என்று பத்திரிகை காட்டினால் நஷ்டஈடு கிடையாது என்றது உச்ச நீதிமன்றம். அருமையான கவசம்தான், ஆனால் சிவில் வழக்குக்கு மட்டும். கோடி ரூபாய் கேட்டு சிவிலில் போனால் அதற்கேற்ற கோர்ட் ஃபீஸ் கட்ட வேண்டும். கிரிமினல் அவதூறுப் புகாருக்கு அந்தச் செலவும் இல்லை, இரண்டு வருடச் சிறை என்ற பயமுறுத்தலும் உண்டு. எதைத் தேர்ந்தெடுப்பார்கள்? கிரிமினலில் எழுதியது உண்மை என்றால் மட்டும் போதாது, பொது நன்மைக்காக எழுதினோம் என்றும் காட்ட வேண்டும்.

கிரிமினலுக்கு உள்ள வழி, ஹைகோர்ட்டில் குவாஷ் மனு, அதாவது வழக்கையே ரத்து செய்யக் கேட்கும் மனு. 2004இலிருந்து ஹைகோர்ட் கிளை மதுரையிலேயே இருப்பதால் சென்னைக்கு ரயில் ஏற வேண்டாம். தாது மணல் பற்றி எழுதிய ஓர் ஆங்கில நாளிதழ் மீதான வழக்கை 2020இல் ரத்து செய்ததும் இதே மதுரைக் கிளைதான். சில்லறைப் பிழைகளுக்காகக் குற்ற வழக்கு தேவையில்லை என்றது. சரி, ஆனால் வக்கீல் ஃபீஸ் பத்திரிகையின் தலையில்தான். 2024 ஜூலையில் வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 223ஆம் பிரிவு கொஞ்சம் ஆறுதல்: புகாரைக் கோப்பில் எடுக்கும் முன்பே எதிர்த்தரப்பையும் மாஜிஸ்திரேட் கேட்க வேண்டும்.

என் ஓட்டு அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலத்தின் 1992 சட்டத்துக்கு. அதுவும் சிவிலுக்கானதுதான். ஆனால் பொது விஷயத்தில் பேசியதற்காக வழக்கு என்றால் தொடக்கத்திலேயே தள்ளுபடி கேட்கலாம். அது முடியும்வரை ஆவணம் கேட்டுக் குடைவது நிறுத்தப்படும். பத்திரிகை ஜெயித்தால் அதன் வக்கீல் ஃபீஸை வழக்குப் போட்டவர் தர வேண்டும். நம்மிடம் இல்லாதவற்றில் முக்கியமானது இந்தக் கடைசி அம்சம்தான்.

அதுவரை கிராம அ-பதிவேட்டு (நிலம் யாருடையது, என்ன வகை என்று காட்டும் வருவாய்த் துறைப் பதிவேடு) நகல், ஆர்டிஐ பதில், விளக்கம் கேட்டு அந்தப் புள்ளிக்கு அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, மூன்றையும் செய்தி அச்சேறும் முன்பே ஒரு ஃபைலில் போட்டு வைப்பது நல்லது. 223இன் கீழ் மாஜிஸ்திரேட் கேட்கும்போது எடுத்து நீட்ட அதுதான் இருக்கும்.