கீழக்குயில்குடியா, அரிட்டாபட்டியா? பிள்ளைகளோடு ஏற எந்த மலை

மதுரையிலிருந்து எந்தத் திசையில் வண்டியை விட்டாலும் ஒரு மொட்டைப்பாறை வரும், அதில் சமணர்கள் தங்கிய குகையோ கற்படுக்கையோ பெரும்பாலும் இருக்கும். அதனால் வரலாற்றில் எது பெரியது என்று பார்த்து மலையைத் தேர்ந்தெடுப்பதில் பயனில்லை. எத்தனை படி ஏறிய பிறகு முதல் சிற்பம் கண்ணில் படுகிறது, சின்னவன் அதுவரை அழாமல் வருவானா, இதைத்தான் பார்க்க வேண்டும். எங்கள் வீட்டில் ஆறு வயதில் ஒருவன், பன்னிரண்டு வயதில் ஒருத்தி, முழங்கால் வலியோடு அம்மா. இரண்டு மலைக்கும் போய்வந்த பிறகு சொல்கிறேன்.

கீழக்குயில்குடி சமணர்மலை தேனி சாலைப் பக்கம், ஊரிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும். அடிவாரத்தில் தாமரைக்குளம், அய்யனார் கோயில், பெரிய ஆலமரம். பாறையில் வெட்டிய படிகளில் கொஞ்ச தூரம் ஏறினாலே பேச்சிப்பள்ளம் வந்துவிடும். அங்கே ஒரே வரிசையில் எட்டுச் சமணச் சிற்பங்கள், கீழே வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் கல்வெட்டு. பாம்பு குடைபிடிக்கும் பார்சுவநாதர் யார், உடம்பில் கொடி சுற்றிய பாகுபலி யார் என்று கண்டுபிடிக்கச் சொன்னால் பிள்ளைகளுக்குக் கால்மணி நேரம் போவதே தெரியாது. அதற்கும் மேலே ஏறினால் பாண்டியர் காலத்து மாதேவிப் பெரும்பள்ளி என்ற சமணப் பள்ளியின் அடித்தளம் மட்டும் கிடக்கிறது. சின்னவனுக்கு அது வெறும் கல், பெரியவளுக்கு ஒரு பள்ளிக்கூடம் இருந்த இடம். இறங்கிய பிறகு மலையின் இன்னொரு பக்கம் செட்டிப்புடவுக்குப் போக மறக்காதீர்கள். குகைக்கு வெளியே உட்கார்ந்திருக்கும் பெரிய தீர்த்தங்கரரை, அதாவது சமணர்கள் வணங்கும் குருவை, ஊரில் செட்டியார் என்பார்கள். ஆனால் என் மகன் நின்றது உள்ளே, சிங்கத்தின் மேலிருந்து யானைமேல் வருபவனோடு சண்டை போடும் இயக்கி என்ற சமணப் பெண் தெய்வத்தின் முன்னால்தான்.

ஒரே குறை வெயில். மேலே நிழல் என்று ஒன்றும் கிடையாது, பத்து மணிக்கெல்லாம் பாறை தோசைக்கல்லாகிவிடும். முதல் தடவை நான் ஒரே ஒரு தண்ணீர் பாட்டிலோடு ஏறியதை என் மனைவி இன்றுவரை சொல்லிக்காட்டுகிறாள்.

அரிட்டாபட்டி வேறு மாதிரி. மேலூர்ப் பக்கம், சுமார் இருபத்தைந்து கிலோமீட்டர். 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவித்தார்கள்; மீனாட்சிபுரத்தையும் சேர்த்து 193 ஹெக்டேர். அப்புறம் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டார்கள், ஊர் ஊராக மக்கள் திரண்டார்கள், 2025 ஜனவரியில் ஏலத்தை ஒன்றிய அரசு ரத்து செய்தது. பிள்ளைகளிடம் இந்தக் கதையைச் சொல்லிவிட்டு நடக்கத் தொடங்குங்கள், கண்மாயைப் பார்க்கும் பார்வையே மாறும்.

இங்கே படியேறி உடனே எதையும் பார்த்துவிட முடியாது. பாறையைக் குடைந்து சிவனுக்குச் செய்த குடைவரைக் கோயில் ஒரு பக்கம், சமணர் குகை இன்னொரு பக்கம், நடுவில் நடை. குடைவரை வாசலுக்கு இருபுறமும் பிள்ளையாரும், சிவனின் ஒரு வடிவமாகச் சொல்லப்படும் லகுலீசர் தடியோடும் இருக்கிறார்கள். லகுலீசரைத் தமிழ்நாட்டில் அடிக்கடி பார்க்க முடியாது. குகையில் இருப்பது தமிழி என்ற மிகப் பழைய தமிழ் எழுத்து, இரண்டாயிரம் ஆண்டுக்கு மேற்பட்டது. இதற்கெல்லாம் இடையில் தலைக்கு மேல் வல்லூறுகள். இங்கே பதிவான பறவைகள் இருநூற்றைம்பது வகை என்கிறார்கள், நாங்கள் ஒரு காலையில் பார்த்தது பதினேழு. பெரியவள் நோட்டில் எழுதிக்கொண்டே வந்தாள். சின்னவன் எட்டாவது பறவையோடு "வீட்டுக்குப் போகலாம்பா" என்று உட்கார்ந்துவிட்டான், மீதித் தூரம் என் தோளில்.

மதுரைக்குப் பக்கத்திலேயே இருக்கும் யானைமலையை ஏன் விட்டாய் என்று கேட்பீர்கள். கீழே நரசிங்கம் குடைவரைக் கோயிலும் அதன் கி.பி. 770 கல்வெட்டும் அருமை, அதைப் பார்த்துவிட்டு வாருங்கள். சமணச் சிற்பங்களுக்காகப் பாறையில் ஏறுவதைப் பிள்ளைகள் வளர்ந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

ஆக, பத்து வயதுக்குக் கீழே ஒரு பிள்ளை இருந்தாலும் யோசிக்காமல் கீழக்குயில்குடி. பெரியவர்கள் கூட வந்தாலும் அதுதான். எங்கள் அம்மா ஒரு படிகூட ஏறாமல் ஆலமரத்தடியில் உட்கார்ந்து, புளியோதரைப் பொட்டலத்தைக் காவல் காத்து, எங்களைவிடச் சந்தோஷமாகத் திரும்பினார். சத்தம் போடாமல் வானத்தைப் பார்த்துக் காத்திருக்கத் தெரிந்த பிள்ளை என்றால் அரிட்டாபட்டி, அதுவும் மழை முடிந்து கண்மாய் நிறைந்திருக்கும் மார்கழி, தை மாதங்களில். வரும் மார்கழிக்குப் பெரியவளும் நானும் மட்டும் போவதாகத் திட்டம். சின்னவனிடம் இன்னும் சொல்லவில்லை.