கேம் செயின் டென்ஷனர்: தானாக இறுகுவதா, கையால் இறுக்குவதா?

வண்டி ஸ்லோவில் நிற்கும்போது லொடலொடவென்று ஒரு சத்தம். லேசாக முறுக்கினால் காணாமல் போகிறது. விட்டால், ஆர்பிஎம் இறங்கும் வழியில் ஒருமுறை சலசலத்துவிட்டு அடங்குகிறது. இப்படி ஒரு சத்தம் கேட்டால் முதல் சந்தேகம் கேம் செயின் மேல்தான் வரும். பிஸ்டன் சுழற்றும் கிராங்கின் ஓட்டத்தை, மேலே வால்வுகளைத் திறக்கும் கேமுக்குக் கொண்டுபோகும் செயின் இது; பலரும் சொல்லும் டைமிங் செயினும் இதேதான்.

ஆனால் சந்தேகப்பட்ட உடனே ஸ்பானரை எடுக்க வேண்டாம். கிளட்ச் லிவரைப் பிடித்ததும் சத்தம் அடங்கினால் அது கிளட்ச் பக்கத்துச் சத்தம். டேப்பெட் (வால்வைத் தட்டித் திறக்கும் பாகம்) என்றால் தாளம் தப்பாமல் டிக் டிக் என்று எண்ணக்கூடிய மாதிரி வரும். கேம் செயின் சத்தத்தை எண்ண முடியாது, சங்கிலியைத் தகரத்தில் தேய்த்தது போல இருக்கும். ஸ்லோ ரொம்பக் குறைவாக வைத்திருந்தால் நல்ல செயினும் உளறும். இரண்டு, நான்கு கார்புரேட்டர் உள்ள வண்டிகளில் அவை ஒன்றோடொன்று ஒத்துப்போகாவிட்டாலும் இதே கதைதான். நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை பிளாக்கின் பக்கவாட்டில், செயின் ஓடும் குழி இருக்கும் பக்கம் வைத்து, கைப்பிடியைக் காதோரம் வைத்துக் கேட்டால் பாதி விடை கிடைத்துவிடும்.

சரி, கேம் செயின்தான் என்று தெரிந்துவிட்டது. செயின் "இழுத்துக்கிச்சு" என்று சொல்வோமே தவிர, இரும்பு ரப்பர் மாதிரி நீள்வதில்லை. கண்ணிகளுக்குள் இருக்கும் பின்னும் புஷ்ஷும் தேய்கின்றன. நூறு கண்ணி உள்ள செயினில் ஒவ்வொன்றிலும் 0.01 மி.மீ. தேய்ந்தால் மொத்தம் ஒரு மி.மீ. நீளம் கூடிவிடும். கிராங்க் செயினை இழுக்கும் பக்கம் எப்போதும் விறைப்பாக இருப்பதால், இந்த உபரி முழுக்க எதிர்ப்பக்கத்தில் போய்ச் சேரும். பெரும்பாலான வண்டிகளில் அது சிலிண்டரின் பின்பக்கம். செயினின் தளர்ச்சியை அழுத்தி எடுக்கும் டென்ஷனரை அங்கே, கார்புரேட்டருக்குக் கீழே கை நுழையாத சந்தில் வைத்திருப்பதற்குக் காரணம் இதுதான். மெக்கானிக்கை வதைக்க அல்ல.

அந்தச் சந்தில் மாட்ட இன்று பொதுவாக நான்கு வகை உண்டு.

முதலாவது ராட்செட். உள்ளே ஸ்பிரிங், வெளியே நீளும் தண்டு, தண்டில் ரம்பம் போலப் பற்கள், பின்னால் போகவிடாமல் பிடிக்க ஒரு கொக்கி. எளிமையானது, சுலபத்தில் கெடாது. குறை என்னவென்றால், செயின் ஒரு முழுப் பல் அளவுக்குத் தளர்ந்த பிறகுதான் தண்டு அடுத்த பல்லில் போய் உட்காரும். அதுவரை வெறும் ஸ்பிரிங்தான் தாங்க வேண்டும். சில நாள் சத்தம் வந்து, அப்புறம் ஒரு காலையில் தானாகவே நின்றுவிடும் அதிசயம் நடப்பது இந்த வகையில்தான்.

இரண்டாவது திருகு வகை. இதில் ஸ்பிரிங் தண்டை நேராகத் தள்ளாது. ஒரு திருகைச் சுழற்றும், திருகு தண்டை வெளியே தள்ளும். மரையின் சரிவு குறைவு, அதனால் செயின் எவ்வளவு உதைத்தாலும் திருகு பின்னால் சுற்றாது. படி கிடையாது என்பதால் தேவையான இடத்தில் அப்படியே நிற்கும். கழற்றி மாட்டவும் வசதி: பின்பக்கத்துச் சின்ன போல்ட்டை எடுத்துவிட்டு, தட்டை ஸ்க்ரூடிரைவரால் திருகித் தண்டை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொள்ளலாம். மரை தேய்ந்து வழுவழுப்பாகிவிட்டால் மட்டும் தொல்லை. வைப்ரேஷனில் தண்டு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே நழுவும். இதற்குச் சோதனை எளிது. கழற்றிய டென்ஷனரில் தண்டை முழுசாக வெளியே விட்டு, கட்டைவிரலால் நேராக அழுத்துங்கள். அசையவே கூடாது. உள்ளே போனால் அதற்கு ரிப்பேர் கிடையாது, புதுசுதான்.

மூன்றாவது ஹைட்ராலிக். என்ஜின் ஆயிலின் அழுத்தம்தான் தண்டைத் தள்ளுகிறது. ஓடும்போது இதைவிட மென்மையானது இல்லை. செயினின் உதறலை ஆயில் வாங்கிக்கொள்ளும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் அழுத்தம் ஏறும் வரை இரண்டு மூன்று விநாடி சலசலப்பு வந்தால் பயப்பட வேண்டாம். அது நிற்காமல் தொடர்ந்தால் முதலில் ஆயிலைப் பாருங்கள், அப்புறம் டென்ஷனரை. ஆயிலை ஏனோதானோ என்று மாற்றுகிறவருக்கு இது ஒத்துவராது.

ஸ்பிரிங்குக்கும் ஹைட்ராலிக்குக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்ட ஹார்லி-டேவிட்சனின் ட்வின் கேம் என்ஜின் நல்ல உதாரணம். 1999 மாடல்களில் வந்தபோது அதில் ஸ்பிரிங் அழுத்தும் டென்ஷனர்கள். ஸ்பிரிங்குக்கு ஓய்வே கிடையாது. செயின்மேல் அழுந்திக்கொண்டே இருந்த பிளாஸ்டிக் ஷூ தேய்ந்து, துகள்கள் ஆயிலில் கலந்து ஆயில் பம்ப் வரை போய்த் தொல்லை கொடுத்தன. 2007 மாடல்களில் ட்வின் கேம் 96 வந்தபோது ஹைட்ராலிக்குக்கு மாறினார்கள். சத்தமே வராமல் டென்ஷனர் தேய்ந்து முடிய முடியும் என்பதற்கும் இதுவே சாட்சி.

நான்காவது மேனுவல். ஒரு போல்ட், ஒரு லாக் நட், அவ்வளவுதான். ஸ்பிரிங் இல்லை, கொக்கி இல்லை, நழுவவும் வழியில்லை. ரேஸ் ஓட்டுகிறவர்களுக்கு இதைப் பிடிக்கும். உச்ச ஆர்பிஎம்மில் எதுவும் பின்வாங்காது என்ற நிம்மதி. அந்த ஆசையில்தான் நானும் என் பழைய சிங்கிள் சிலிண்டர் வண்டிக்கு ஒன்று மாட்டினேன். என்ஜின் ஆறியிருந்தபோது மாட்டி, சத்தம் துளியும் கேட்கக்கூடாது என்று ஸ்பானரால் ஒரு கால் சுற்று கூடுதலாகவே இறுக்கினேன். பத்து நிமிடம் ஓட்டியதும் ஹெட்டிலிருந்து மெல்லிய ஊளை. சத்தம்தான் போய்விட்டதே என்று அதைக் கண்டுகொள்ளவில்லை. சில மாதம் கழித்துப் பிரித்தபோது, செயின் உரசி ஓடும் பட்டையான கைடின் ரப்பரில் இரண்டு தண்டவாளம் மாதிரி பள்ளம் விழுந்திருந்தது. நகத்தை வைத்தால் நகம் இறங்கியது.

ஏன் அப்படி ஆயிற்று என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும். அலுமினியம் இரும்பைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். கிராங்குக்கும் கேமுக்கும் நடுவே 200 மி.மீ. தூரம், என்ஜின் 80 டிகிரி சூடாகிறது என்று வைத்தால், அலுமினிய பிளாக்கும் ஹெட்டும் இரும்புச் செயினைவிடச் சுமார் 0.18 மி.மீ. கூடுதலாக உயர்கின்றன. ஆறிய நிலையில் விறைப்பாக வைத்த செயின் சூட்டில் வீணைத் தந்தி ஆகிவிடும். தானாக இறுகும் எதிலும் இந்தக் கணக்கைத் தயாரித்தவரே போட்டுவிடுகிறார். மேனுவலில் நாம் போட வேண்டும்: என்ஜின் நன்றாகச் சூடானபின், ஸ்லோவில் ஓடவிட்டு, போல்ட்டை விரலால் மட்டும் திருகி, சத்தம் அடங்கும் இடத்தில் நிறுத்திக் கொஞ்சம் பின்னால் விட்டு லாக் நட்டைப் பூட்டுவது. துளி சலசலப்பு மிஞ்சினால் பரவாயில்லை, ஊளைதான் கூடாது.

என் தேர்வைக் கேட்டால், அன்றாடம் ஓட்டும் வண்டிக்குத் திருகு வகை ஆட்டோமேட்டிக், அதுவும் கம்பெனி ஒரிஜினல். ஹைட்ராலிக்கோடு வந்த என்ஜினில் ஹைட்ராலிக்கே இருக்கட்டும். மாதாமாதம் சூடான என்ஜினருகே காதை வைத்துக் கேட்கிற பழக்கம் உள்ளவருக்கு மட்டும் மேனுவல். மறதிக்காரர் கையில் அது ஆபத்து: தானாக இறுகாது, செயின் தளர்ந்துகொண்டே போகும், ஒருநாள் பல் தாவும். கேம் ஸ்ப்ராக்கெட்டில் 32 பல் என்றால் ஒரு பல் தாவியதும் கேம் 11.25 டிகிரி விலகும், கிராங்க் கணக்கில் 22.5. இன்னும் ஒரு பல் தாவினால் பல என்ஜின்களில் வால்வும் பிஸ்டனும் கைகுலுக்கிக்கொள்ளும்.

அடுத்த போட்டி, டென்ஷனர் மட்டும் போதுமா, செயின் கைடு எல்லாம் சேர்த்தா என்பது. இதில் வாதமே தேவையில்லை, தண்டைப் பார்த்தால் போதும். பிஸ்டனை மேலே கொண்டுவந்து நிறுத்தி, டென்ஷனரைக் கழற்றியதும் தண்டு எவ்வளவு நீண்டிருக்கிறது என்று பாருங்கள். திருகு வகையில் தண்டு நின்ற இடத்திலேயே நிற்கும்படி திருகை ஸ்க்ரூடிரைவரால் பிடித்துக்கொண்டுதான் கழற்ற வேண்டும்; விட்டால் முழுசாக வெளியே வந்து எதையும் சொல்லாது. பாதிக்குக் கீழ் என்றால் டென்ஷனர் மட்டும் போதும். கடைசிப் பற்களுக்கு வந்துவிட்டது என்றால் செயினோ கைடோ முடிந்துவிட்டது. புது டென்ஷனர் நான்கு நாள் சத்தத்தை மறைக்கும், அவ்வளவே. ஒரு எச்சரிக்கை: டென்ஷனர் வெளியே இருக்கும்போது கிராங்கைச் சுற்றக்கூடாது. போல்ட்டுகளைப் பாதி தளர்த்திவிட்டு மறுபடி இறுக்குவதும் கூடாது. அந்த இடைவெளியில் தண்டு முன்னேறி, செயினை அநியாயமாக இறுக்கிவிடும்.

செயின் மாற்றுவதென்றால் மூட்டில்லாத முழுச் செயின், இல்லை வெட்டி ரிவெட் அடிக்கும் செயின். முழுச் செயினுக்கு ஒரு பக்கம் மேக்னெட் (கிராங்கின் நுனியில் மின்சாரம் தயாரிக்கும் பாகம்) வரை பிரிக்க வேண்டியிருக்கும்; கிராங்கின் நடுவில் ஸ்ப்ராக்கெட் உள்ள என்ஜின்களில் கேஸையே பிளக்க வேண்டும். அங்கே ரிவெட் செயின் பெரிய வேலையை மிச்சப்படுத்தும்: பழையதை அறுத்து, புதியதை அதன் வாலில் கட்டி, மெதுவாகச் சுற்றி இழுத்துக்கொள்ளலாம். ஆனால் அறுக்கும்போது துணி அடைக்காமல் விட்டால் இரும்புத் தூள் நேராகக் கீழே போகும். ரிவெட்டைச் சுத்தியலால் தட்டி முடிப்பவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்; அதற்கென்று டூல் இருக்கிறது. மேக்னெட்டோடு முடிகிற வேலை என்றால் நான் முழுச் செயினுக்கே போவேன்.

என் வண்டியில் இப்போது புதுக் கைடும் ஆட்டோமேட்டிக்கும் திரும்பி வந்துவிட்டன. அந்த மேனுவல் போல்ட்டைத் தூக்கிப் போடவில்லை. எந்த வண்டியிலாவது டென்ஷனரா செயினா என்று குழப்பம் வந்தால், பொருந்துகிற வண்டி என்றால், அதை மாட்டிப் பார்ப்பேன். கொஞ்ச தூரம் திருகியதுமே சத்தம் நின்றால் கழற்றி வைத்த ஆட்டோமேட்டிக்தான் குற்றவாளி. மரை தீரும் வரை உள்ளே போகிறது என்றால் செயினுக்கு ஆர்டர் போட்டுவிடுவேன்.