கட்டாய வாகனப் பரிசோதனையா, உரிமையாளரின் பொறுப்பா?

சொந்த வண்டியைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை பரிசோதித்துச் சான்று வாங்கியே தீர வேண்டும் என்பது ஒரு வழி. பராமரிப்பு உரிமையாளரின் பாடு, மோசமான வண்டி சாலையில் பிடிபட்டால் அபராதம் என்பது இன்னொரு வழி. பிரிட்டன், ஜெர்மனி, ஜப்பான் எல்லாம் முதல் வழியில் போகின்றன. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் கதை வேறு: பென்சில்வேனியாவில் ஆண்டுதோறும் சோதனை உண்டு. நியூ ஜெர்சி 2010-இலும் டெக்சாஸ் 2025 தொடக்கத்திலும் சொந்தக் கார்களுக்கான பாதுகாப்புச் சோதனையைக் கைவிட்டுவிட்டன.

கைவிடச் சொல்பவர்களின் வாதம் லேசானதல்ல. 2005 முதல் 2007 வரை அமெரிக்காவில் நடந்த விரிவான விபத்து ஆய்வில், விபத்துக்கு இட்டுச்சென்ற கடைசிக் காரணம் 94 சதவீதம் ஓட்டுநரிடம் இருந்தது. வண்டியிடம் இருந்தது வெறும் 2 சதவீதம்தான். நார்வேயில் 2007-இல் வெளியான ஆய்வு இன்னும் யோசிக்க வைக்கிறது. பரிசோதனையால் வண்டிகளில் பழுதுகள் நன்றாகவே குறைந்தன, ஆனால் விபத்து எண்ணிக்கை குறைந்ததாகத் தெரியவில்லை. சோதனையை ஆதரிக்கும் யாரும் இதைத் தாண்டிப் போய்விடக் கூடாது. கட்டணமும் ஒரு நாள் வேலை இழப்பும் பழைய வண்டி வைத்திருக்கும் ஏழைகளைத்தான் அதிகம் அழுத்தும் என்பதும் உண்மை.

இருந்தாலும் அந்த 2 சதவீதத்தை அப்படியே எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. டயர் வழுக்கையானதால் வண்டி நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டிச் சில அடி போய் மோதினால், பெரும்பாலும் ‘தாமதமாக பிரேக் பிடித்தார்’ என்றுதான் அது பதிவாகும். தவிர, டயரையும் விளக்கையும் யார் வேண்டுமானாலும் வீட்டு வாசலிலேயே பார்த்துவிடலாம். துருப்பிடித்த பிரேக் குழாய், ஆட்டம் கண்ட பால் ஜாயின்ட் (சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் மூட்டு), அரித்துப்போன சேஸிஸ் (வண்டியின் அடிச்சட்டம்) போன்றவை வண்டியைத் தூக்கி அடியில் பார்த்தால்தான் தெரியும். தினமும் ஓட்டுபவருக்கு இந்தத் தேய்மானம் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிவிடும், ஸ்டீயரிங் இழுப்பதுகூட இயல்பாகத் தோன்றும். எதிரே வருபவருக்கோ நடந்து போகிறவருக்கோ அந்த வண்டியின் நிலையைத் தெரிந்துகொள்ள வழியே இல்லை. அதனால் உரிமையாளரின் பொறுப்பு என்று மட்டும் விட்டுவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

சரி, எப்போது சோதிப்பது? பிரிட்டனில் 1960-இல் இது தொடங்கியபோது பத்து ஆண்டு ஆன வண்டிகளுக்கு மட்டும்தான். இப்போது மூன்றாம் ஆண்டிலிருந்து ஒவ்வோர் ஆண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் குறைந்தபட்ச விதி நான்கு ஆண்டு, அப்புறம் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. புதிய காரை ஆண்டுதோறும் வரிசையில் நிறுத்துவது வீண் அலைச்சல் என்றே நினைக்கிறேன். பழைய வண்டிக்கு மட்டும் இடைவெளியைக் குறைக்கலாம்.

ஆனால் இதையெல்லாம் விட முக்கியம், சோதிப்பவர் யார் என்பது. இங்கிலாந்தில் பெரும்பாலும் ஒர்க்‌ஷாப்பே சோதிக்கிறது, அதுவே பழுதும் பார்க்கிறது. குறை கண்டுபிடித்தால் அதே கடைக்கு வேலை கிடைக்கும். வாடிக்கையாளரை இழக்க விரும்பாத கடை கண்ணை மூடிக்கொண்டு சான்று தரவும் வாய்ப்புண்டு. வட அயர்லாந்தில் அரசு மையங்கள் சோதனை மட்டும்தான் செய்கின்றன, பழுது பார்ப்பது வேறு இடத்தில். என் ஓட்டு இந்த ஏற்பாட்டுக்குத்தான். சோதனையையும் பழுது வேலையையும் பிரிக்காமல் கொண்டுவரும் கட்டாயச் சோதனையில் நேர்மையான மெக்கானிக்கின் மீதும் சந்தேகம் விழும், மக்கள் சான்றை வெறும் காகிதமாகத்தான் பார்ப்பார்கள்.

கட்டாயம் இல்லாத இடத்தில் வண்டி ஓட்டுபவர்களும் இதையே செய்துகொள்ளலாம். ஆண்டுக்கு ஒருமுறை வண்டியை லிஃப்டில் ஏற்றி அடிப்பக்கத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். பார்ப்பதற்கு மட்டும்தான் கூலி, பழுது வேலை வேறு இடத்தில் என்று முதலிலேயே பேசிவிடுங்கள்.