"ஃபுல்லா கவர் ஆகும்"னு ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் டெஸ்க்ல வாயால சொன்னா நம்பிடாதீங்க

அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் பண்ண இடத்துல நல்லா மொட்டை அடிச்சு அனுப்பிட்டாங்க. யாராச்சும் இதே மாதிரி தேதி வாங்கி வச்சிருந்தீங்கன்னா இதைப் படிச்சிட்டுப் போங்க.

இன்சூரன்ஸ் பாலிசில கண்புரைக்குன்னு இருந்த வெயிட்டிங் பீரியட் (பாலிசி எடுத்து இவ்வளவு காலம் ஆனாத்தான் பணம்ங்கற கெடு) எப்பவோ முடிஞ்சாச்சு, ஆஸ்பத்திரியும் கம்பெனியோட ஒப்பந்தம் இருக்கற நெட்வொர்க் லிஸ்ட்ல இருக்கு, அதெல்லாம் முன்னாடியே பாத்தாச்சு. இன்சூரன்ஸ் டெஸ்க்ல இருந்தவங்க கார்டை வாங்கி என்னமோ தட்டிட்டு "அப்ரூவல் வந்துருச்சு சார், ஃபுல்லா கவர் ஆகும், நீங்க எதுவும் கட்ட வேண்டியதில்ல"ன்னாங்க. அந்த அப்ரூவல் லெட்டர்ல ஒரு காப்பி குடுங்கன்னா "அது எங்க ஃபைலுக்கு சார், உங்களுக்கு எதுக்கு"ன்னு ஒரு சிரிப்பு வேற.

ஆபரேஷன் அன்னிக்கு அம்மாவை உள்ள கூட்டிட்டுப் போய் கண்ணுல சொட்டு மருந்து விட்டிருக்காங்க, கண் பாப்பாவை விரிய வைக்கற மருந்து, அதை விட்டா கிட்ட இருக்கற எழுத்து சரியா தெரியாது. அதுக்கப்புறம்தான் ஒரு ஃபார்மை நீட்டி, விரல் பிடிச்சு இடத்தைக் காட்டி, "நல்ல லென்ஸா வைக்கறோம்மா, கண்ணாடியே தேவைப்படாது, இங்க ஒரு கையெழுத்து போடுங்க"ன்னு கேட்டிருக்காங்க. வேண்டாம்னு யாரு சொல்லுவா? நான் வெளியிலதான் உக்காந்திருக்கேன், ஒரு வார்த்தை கேக்கல. அது மல்டிஃபோகல் லென்ஸ் (கிட்ட, தூரம் ரெண்டுக்கும் பார்வை குடுக்கறது), இன்சூரன்ஸ் தராத தொகையை நோயாளியே கட்டணும்னு அதுல பொடி எழுத்துல இருந்தது டிஸ்சார்ஜ் பில் வந்தப்பதான் தெரியுது.

சண்டை போட்டு அப்ரூவல் லெட்டரை வாங்கிப் பாத்தா அதுல தெளிவா மோனோஃபோகல் லென்ஸ்னு இருக்கு, அதாவது ஒரு தூரத்துக்கு மட்டும் பார்வை குடுக்கற சாதா லென்ஸ், பெரும்பாலான பாலிசி அதுக்குத்தான் பணம் தரும், மல்டிஃபோகல், சிலிண்டர் பவரையும் சரி பண்ற டோரிக் எல்லாம் வச்சா மிச்சம் நம்ம கைக்காசு. டெஸ்க்ல இருந்தவங்களுக்கு இது தெரியாதா என்ன, தினமும் இதே வேலையா இருக்கறவங்க! கீழ இன்னொரு வரி, இது பணம் தர்றதுக்கான உத்தரவாதம் இல்ல, கடைசி பில்லைப் பாத்துதான் முடிவுன்னு. இது போதாதுன்னு மயக்க மருந்து டாக்டர் நெட்வொர்க்ல இல்லையாம், அவருக்குத் தனி பில்.

அதனால கவர் ஆகுமான்னு மொட்டையா கேக்காதீங்க, அப்படிக் கேட்டா ஆகும்னுதான் பதில் வரும். டாக்டர்கிட்ட நோயோட ஐசிடி கோடு (நோய்களுக்கு உலக அளவுல வச்சிருக்கற குறியீடு, வயசானதால வர்ற கண்புரைன்னா எச் 25-ல ஆரம்பிக்கும்), என்ன ஆபரேஷன், எந்த லென்ஸ், என்ன மாடல்னு எழுதி வாங்கி, அதை அப்படியே இன்சூரன்ஸ் கம்பெனிக்கு நேரா மெயில் போட்டு இதுல எவ்வளவு நீங்க தருவீங்க, நான் எவ்வளவு கட்டணும், சப் லிமிட் (இந்த ஆபரேஷனுக்கு இவ்வளவுதான்ங்கற உச்சவரம்பு) இருக்கா, கூட வர்ற டாக்டர், லேப் எல்லாம் நெட்வொர்க்ல இருக்காங்களான்னு கேளுங்க. ஃபோன்ல சொன்னா அதையும் மெயில்ல அனுப்பச் சொல்லுங்க, அப்புறம் நான் அப்படிச் சொல்லவே இல்லையேன்னுடுவாங்க. தங்கற மாதிரி ஆபரேஷனா இருந்தா ரூம் வாடகைக்கு லிமிட் இருக்கான்னும் பாருங்க, சில பாலிசில அதைத் தாண்டின ரூம் எடுத்தா வாடகையை மட்டும் இல்ல, டாக்டர் ஃபீஸையும் அதே விகிதத்துல வெட்டிடுவாங்க.

லென்ஸ் டப்பால வர்ற ஸ்டிக்கரையும் கேட்டு வாங்கிக்குங்க, மாடல், பவர், சீரியல் நம்பர் எல்லாம் அதுல இருக்கும், என்ன வச்சாங்கங்கறதுக்கு அதுதான் சாட்சி. எங்க ஃபைல்ல அது ஒட்டியே இல்ல, கேட்டு வாங்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிருச்சு. இப்போ அந்த ஸ்டிக்கர், லெட்டர், ஃபார்ம் எல்லாத்தையும் வச்சு, சொட்டு மருந்து விட்ட நேரமும் கையெழுத்து வாங்கின நேரமும் குறிச்சுக் குடுங்கன்னு ஆஸ்பத்திரிக்கு எழுதிப் போட்டிருக்கேன். "பரிசீலிக்கிறோம்"னு ஒரு பதில் வந்துது, அதோட சரி.

அம்மாவுக்கு இன்னொரு கண்ணு பாக்கி இருக்கு, அதை வேற இடத்துல பண்ணப் போறோம். லென்ஸ் பேரோட இன்சூரன்ஸுக்கு மெயில் போயாச்சு, பதில் வந்தப்புறம்தான் தேதி.